லெவலுக்கு ஒரு வரி

பதினோராவது டேக்கும் போச்சு. மூன்று பீப் அடித்தது, திரையில் அந்த அம்மாக்காரி கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள், உதடு பிரிந்தது, மரகதவல்லியும் சரியாகத்தான் ஆரம்பித்தாள், "புருஷன் வீட்ட விட்டு" வரைக்கும் உதட்டோடு உதடாகப் போனாள், அதற்கப்புறம் வரவேண்டிய அந்த ஒரே ஒரு வார்த்தை தொண்டைக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்றது. வாழாவெட்டி. அப்படி என்ன பெரிய வார்த்தை, அவள் சொல்லாத வார்த்தையா. இருபத்திமூன்று வருஷமாக இந்தச் சாலிகிராமத்து டப்பிங் தியேட்டர்களில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மைக் முன்னால் நின்று எத்தனை பேருடைய உதட்டுக்குக் குரல் கொடுத்திருக்கிறாள், இந்த வார்த்தையை மட்டுமே நாற்பது ஐம்பது தடவை சொல்லியிருப்பாள், சொல்லிவிட்டு வெளியே போய் டீ குடித்திருப்பாள். இன்றைக்கு என்ன கேடு வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் என்ஜினியர் ஆல்பர்ட் தலையை ஆட்டினான், அவன் பக்கத்தில் டப்பிங் இன்சார்ஜ் தனசேகர் வாட்ச்சைப் பார்த்தார், அவர் பார்த்ததும் இவளும் சுவரில் பார்த்தாள். பன்னிரண்டு இருபது. நாலு மணிக்கு அவர்கள் வருகிறார்கள். மாப்பிள்ளை அருள்குமாரும் அவன் அம்மாவும், மகள் பிரவீணாவைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போக. காலையில் பிரவீணா கேட்டதற்கு இவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

கேட்டது ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியமில்லை, ஒரு வரி, படத்தில் என்றால் நாலு செகண்ட். மரகதம் இட்லித் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பெண் அடுப்படி வாசலில் வந்து நின்று, அவங்க வந்தா நீ சொல்லிடும்மா, பிரவீணா வரமாட்டா, இங்கதான் இருப்பா, அவ்வளவுதான், நான் சொன்னா திமிர்ம்பாங்க, உன் வாயால நீ சொல்லு என்றாள். இவள் என்ன சொன்னாள்? சரி என்றாளா, பார்க்கலாம் என்றாளா, காது கேட்காதவள் மாதிரி இட்லியை எடுத்து அடுக்கினாளா. "ம்" என்றிருப்பாள். தொழில் பழக்கம் அப்படி. திரையில் வாய் மூடியிருக்கிற இடத்திலெல்லாம் ஒரு "ம்" போட்டுவிடலாம், எந்த உதட்டுக்கும் பொருந்தும், ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம், இவளுடைய கல்யாண வாழ்க்கையில் பாதி அந்த "ம்"மில்தான் ஓடியது. பிரவீணா அதை எப்படி எடுத்துக்கொண்டாளோ. செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்தால், தட்டில் இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை. ஆட்டோவில் வரும்போது மரகதம் சொல்லிப் பார்த்தாள். வடபழனி சிக்னலில் வண்டி நின்ற நேரத்தில், உதட்டுக்குள்ளேயே, பிரவீணா வரமாட்டா. அது கெஞ்சுகிற மாதிரி வந்தது, கதாநாயகி வில்லனிடம் என்னை விட்டுடு என்று கும்பிடுகிற குரல். சரி, கொஞ்சம் கனமாகச் சொல்வோம் என்று பார்த்தால் பணத்திமிர் பிடித்த மாமியார் குரல் வந்தது, இடைவேளைக்கு முன்னால் ஒரு புருவத்தைத் தூக்கிக்கொண்டு பேசிவிட்டுக் கடைசி ரீலில் திருந்துவாளே, அவள். மூன்றாவது தடவை அழுகை வந்தது. அதுவும் இவள் அழுகை இல்லை, க்ளிசரின் போட்டவளுக்குக் கொடுக்கிற அழுகை, மூக்கு ஒழுகாது, வார்த்தை ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்கும். ஆட்டோக்காரர் கண்ணாடியில் இவளைப் பார்த்தார். மரகதம் ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ பேசுகிற மாதிரி இருந்தாள்.

தண்ணி குடிச்சிக்கிறீங்களாம்மா என்று ஹெட்ஃபோனில் ஆல்பர்ட் கேட்டான். அம்மாவாம். போன மாசம் வரைக்கும் அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளை, இந்தப் படத்தில் அம்மா வேஷத்துக்குக் குரல் கொடுக்க இவள் வந்து நின்ற அன்றைக்கே மாற்றிவிட்டான். குற்றம் சொல்வதற்கில்லை, வயசு நாற்பத்தேழு. ஆனால் திரையில் நடுநாயகமாக நிற்கிறானே ஹீரோ, அவனுக்கு என்ன வயசு? இருபத்திமூன்று வருஷத்துக்கு முன்னால் அவனுடைய ரெண்டாவது படத்தில் காதலிக்குக் குரல் கொடுத்தவள் இவள்தான், மழையில் நனைந்துகொண்டு "சீ, போடா" என்று கொஞ்சினது இவள்தான். அவன் அப்படியே இருக்கிறான், மீசைக்கு மை அடித்துக்கொண்டு இன்னும் காலேஜ் பெண்ணைத் துரத்திக்கொண்டிருக்கிறான், இவள் அவனுக்குக் காதலியாக இருந்து அண்ணியாகி இப்போது மாமியார். நல்ல கூத்து. ஃப்ளாஸ்க்கிலிருந்து வெந்நீரை ஊற்றும்போது கை வெறுமையாகத் தெரிந்தது. ஐயோ வளையல் என்று ஒரு நொடி பதறிவிட்டு, பையில் இருக்கிறது என்று ஞாபகம் வந்தது. மைக் முன்னால் வளையல் ஆகாது, கிணுகிணுவென்று ஏறிவிடும், பட்டுப்புடவை ஆகாது, சரசரக்கும், கொலுசு கூடவே கூடாது. பொம்பளைக் குரல் வேண்டும், பொம்பளை இருக்கிற சத்தம் மட்டும் வேண்டாம். தினம் கழற்றித் தினம் போடுவாள். மாமியார் இருந்த வரைக்கும் அதற்கு ஒரு பாட்டு, தாலி கட்டினவ தினம் வளையலக் கழட்டுறாளே, என் புள்ளைக்கு ஆகுமா என்று. ஆகவில்லைதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை பட்டப்பகலில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது இவள் இதே மாதிரி ஒரு மைக்கை விட்டுவிட்டு ஓடினாள், வளையல் பையிலேயே கிடந்தது. சடங்கு செய்ய வந்த பெண்கள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திகைத்துப் போனார்கள், உடைப்பதற்கு ஒன்றும் இல்லை. அப்புறம் யாரோ யோசனை சொல்லி, கடைக்கு ஆள் ஓடி, ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிவந்து, இரண்டு கையிலும் போட்டுவிட்டு, அதற்கப்புறம் உடைத்தார்கள். அப்போதும் இவள் "ம்" என்று கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதையெல்லாம் எதற்கு இப்போது நினைக்கிறாள், நாலு மணிக்கு என்ன சொல்வது என்று யோசிக்கவேண்டிய நேரத்தில்.

மூடு பிடிக்கட்டும் என்று ஆல்பர்ட் படத்தைக் கொஞ்சம் முன்னாலிருந்து ஓடவிட்டான். ஹீரோ கையை ஓங்குகிறான், பளார், அந்தப் பெண்ணின் தலை திரும்புகிறது, "ஹா". நேற்று யாரோ புதுப் பெண் வந்து கொடுத்துவிட்டுப் போன "ஹா". மூச்சு ஜாஸ்தி, வலி போதாது என்று மரகதத்தின் காது தன்பாட்டுக்குக் குறை சொன்னது. அறை வாங்குவதில் இவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருத்தன் கை மேலே படாமல் முந்நூறு அறை வாங்கியிருப்பாள். அதில் வகை இருக்கிறது. அப்பா அறைந்தால் ஒரு சத்தம், அதில் அவமானம் இருக்கவேண்டும். வில்லன் அறைந்தால் வேறே, அதில் ரோஷம். ஹீரோ அறைகிறது இருக்கிறதே, அதுதான் கஷ்டம், வலிக்கவேண்டும், ரொம்ப வலிக்கக் கூடாது, முடிகிற இடத்தில் லேசாக உருகவேண்டும், ஏனென்றால் அடுத்த காட்சியில் அவள் அவனைக் கட்டிக்கொள்வாள், பாட்டு வரும். அந்த உருகலுக்குத்தான் மரகதத்தைத் தேடிக் கூப்பிடுவார்கள். பிரவீணா ரெண்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடம் விட்டதும் நேரே இங்கே வந்து, அதோ அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். ஒருநாள் வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தபோது பொம்மைக்கு ஒரு அறை விட்டு, பொம்மைக்காக அந்த உருகல் சத்தத்தை அச்சு அசலாகக் கொடுத்தது. எல்லாரும் சிரித்தார்கள். மரகதமும்தான் சிரித்தாள், அம்மாவை உரிச்சு வெச்சிருக்கு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள், பாவி. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு பையும் ஒரு ஹெல்மெட்டுமாக வந்து நின்ற அதே பெண், மறுநாள் மத்தியானம் துணி மடித்துக்கொண்டே, நாலு தடவை கை நீட்டியிருக்காரும்மா என்று ஆரம்பித்து, முதல் தடவை அடிச்சப்ப என் வாயிலருந்து உன் சத்தம் வந்துச்சு என்றாள். இவளுக்குப் புரியவில்லை. "உன் சத்தம்மா. ஹீரோ அடிச்சா குடுப்பியே, அது. அவரு சிரிச்சிட்டாரு. சினிமா மாதிரியே இருக்குடின்னு சொல்லிக் கட்டிப்பிடிச்சாரு." மரகதத்தின் கையில் ஒரு தலையணை உறை இருந்தது, அதை எந்தப் பக்கமாக மடிப்பது என்றே தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு இவள் சொன்ன பதில் இருக்கிறதே, அதை மட்டும் நினைக்கக் கூடாது என்றுதான் மூன்று வாரமாகப் பார்க்கிறாள், நினைப்பு சொன்ன பேச்சைக் கேட்டால்தானே. இவள் சொன்னாள், ஆம்பளைன்னா கோவம் வரத்தான்டி செய்யும், நாமதான் அனுசரிச்சுப் போகணும், கை நீட்டுறவன் மனசுலதான் பாசமும் இருக்கும். சொல்லும்போதே நன்றாக விழுகிறதே என்று ஒரு எண்ணம் வேறே, ஏற்ற இறக்கமெல்லாம் சரியாக வருகிறது, "அனுசரிச்சு" என்கிற இடத்தில் அழகாக ஒரு தழுதழுப்பு. பிரவீணா மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு இவளையே பார்த்தாள். "எந்தப் படம்மா?" என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரி கேட்டாள். அப்போதுதான் இவளுக்கு உறைத்தது. அதற்கு முந்தின நாள்தான் இந்தப் படத்தின் அம்மா வேஷத்துக்கு வாய்ஸ் டெஸ்ட் என்று கூப்பிட்டுப் பேப்பர் கொடுத்து வாங்கின வரி, அதே இழுப்பு, கடைசியில் விடுகிற பெருமூச்சுகூட அதே பெருமூச்சு. எழுதினவர் அதை அவர் அம்மாவிடம் கேட்டாரோ, அவர் அம்மா அதைக் கொட்டகையில் யார் குரலிலோ கேட்டாளோ, சுற்றிச் சுற்றி இவள் வாய்க்கு வந்து, இவள் வாய் வழியாக வீட்டுக்குள் வந்து துணி மடிக்கிற இடத்தில் உட்கார்ந்துவிட்டது. உன் குரல்ல சொல்லு, கேக்கறேன் என்றாள் பெண். இவள் வாயைத் திறந்தாள். எது என் குரல்? கீரைக்காரியிடம் பேரம் பேசுகிற குரலா, அது ஒரு கிராமத்துப் படத்துக்காகப் பிடித்தது, பிடித்தது போகமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டது. எந்தக் குரலானாலும் ரெண்டு தடவை கேட்டால் போதும், மரகதம் பிடித்துவிடுவாள், இந்தத் தொழிலில் அவளுக்கு இருக்கிற பேரே அதுதான், பாதிப் படத்தில் செத்துப்போன ஒரு நடிகைக்கு மீதியை இவள்தான் முடித்துக் கொடுத்தாள், அந்தக் குடும்பத்தார் கேட்டுவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார்கள். தன் குரலை மட்டும் ரெண்டு தடவை கேட்டதில்லை. யார் பதிவு பண்ணி வைத்தார்கள் கேட்பதற்கு? புருஷன் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "இந்தா" என்பார், இவள் "என்னங்க" என்பாள், அந்த என்னங்கவும் ஏதோ குடும்பப் படத்தில் பிடித்ததுதானோ என்னவோ. எது முந்தி, எது பிந்தி, ஒன்றும் விளங்கவில்லை.

இதற்குள் பன்னிரண்டாவது டேக் போயிருந்தது, பதின்மூன்றும் போனது, "புருஷன் வீட்ட விட்டு வா" என்று சொல்லிவிட்டு நின்றாள், வா என்று யாரையோ கூப்பிட்ட மாதிரி அது பாதியில் தொங்கியது. தனசேகர் பொறுமையாகத்தான் சொன்னார், "வா"வுக்கு உதடு பிரியுதும்மா, "வெ"க்குப் பல்லு படுது, க்ளோசப் வேற, வேற எந்த வார்த்தையும் அங்க உக்காராது, இழுக்காமச் சொல்லிடுங்க என்று. திரையில் இருக்கிற நடிகை மும்பைக்காரி. செட்டில் யாரோ சொல்லிக் கொடுத்ததை மனப்பாடம் பண்ணி ஒப்பித்திருக்கிறாள், அர்த்தம் தெரியாது. அர்த்தம் தெரிந்தவளுக்கு மட்டும் என்ன தெரிகிறதாம்? வாழா, சரி, வாழாத. வெட்டி? எதை வெட்டினாள்? வெட்டிவேலை என்கிறோமே அந்த வெட்டியா, வெட்டிப்போட்டது என்கிற வெட்டியா? வெட்டினவள் இவளா, வெட்டுப்பட்டவள் இவளா? வெட்டுப்பட்டவள் என்றால் வெட்டினவனுக்கு ஒரு பேர் வேண்டுமே. அருள்குமாருக்கு என்ன பேர்? மரகதம் பேப்பர் ஸ்டாண்டைப் பார்த்தபடி தேடினாள், சத்தியமாகத் தேடினாள், இருபத்திமூன்று வருஷத்து வசனத்தையெல்லாம் புரட்டிப் போட்டுத் தேடினாள். பெண்டாட்டி விட்டுப்போனவனுக்கு என்ன வார்த்தை? பொண்டாட்டி ஓடிப்போனவன் என்பார்கள், அதிலும் ஓடினது அவள்தான், அவன் பாட்டுக்கு நின்ற இடத்தில் நிற்கிறான். தனிக்கட்டை என்பார்கள், அதில் அடப்பாவமே என்று முதுகைத் தடவிக் கொடுக்கிற மாதிரி ஒன்று இருக்கிறது. பொம்பளைக்குத்தான் எத்தனை, மலடி, ஓடுகாலி, அடங்காப்பிடாரி, ஒவ்வொன்றையும் ஊர் ஜனம் இவள் குரலில்தான் கேட்டிருக்கிறது, கேட்டுவிட்டுப் போய் வீட்டில் சொல்லியிருக்கிறது. எதிர்வீட்டு லோகாம்பாள் நேற்று மாடிப்படியில் வழிமறித்து, பொண்ணு வந்து ரொம்ப நாளாச்சே, ஏதாச்சும் விசேஷமா என்றாள். விசேஷம் என்றால் வயிறு. வயிற்றில் ஒன்றுமில்லாமல் ஒரு பெண் அம்மா வீட்டில் மூன்று வாரம் எதற்கு இருப்பாள்? சும்மாதான் வந்திருக்கா என்று மரகதம் சொன்னதற்கு லோகாம்பாள் வாயைத் திறந்து சொல்லவில்லை, ஆனால் அவள் உதடு "வா"வுக்குப் பிரிந்து நின்றது. மரகதத்துக்கு உதடு படிக்கத் தெரியும்.

யோசிக்காதே, சொல்லிவிட்டுப் போ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பதினாலாவது டேக். பீப், பீப், பீப். அம்மாக்காரி கதவைப் பிடித்தாள், திரும்பினாள், மரகதம் மூளையைக் கழற்றி வைத்துவிட்டு உதட்டை மட்டும் பார்த்துக்கொண்டு சொன்னாள், "புருஷன் வீட்ட விட்டு வாழவேண்டியவ வந்து நிக்கிறியேடி, ஊரு என்ன சொல்லும்?" ஆல்பர்ட் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான், சிங்க் பிரமாதம்மா என்றான். தனசேகர் பேப்பரைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், என்ன சொன்னீங்க என்றார். என்ன சொன்னாள்? திருப்பிப் போட்டுக் கேட்டார்கள். வாழாவெட்டியா, வாழவேண்டியவ. வா, ழ, வே, ண்டி. உதட்டில் மயிரிழை பிசகில்லை, அந்த மும்பைக்காரி முதலிலிருந்தே அதைத்தான் சொன்ன மாதிரி இருந்தது. எங்கிருந்து வந்தது இது? நல்ல வார்த்தைதானா? பெண்ணைத் திருப்பி அனுப்புகிறவர்களும் இதைத்தான் சொல்வார்கள், வாழவேண்டியவளுக்கு இங்க என்ன வேலை என்று. இன்னொரு இடத்திலும் சொல்வார்கள். அந்த இடம் மரகதத்துக்கு இப்போது ஞாபகம் வந்தது, வந்திருக்க வேண்டாம். பின்தெருவில் போன ஆடி மாசம் ஒரு பெண், பிரவீணா வயசுதான், நாலு தடவை அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தாள், நாலு தடவையும் புத்தி சொல்லி அனுப்பிவைத்தார்கள், ஐந்தாவது தடவை வேனில் வந்தாள், படுத்தபடி. கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களெல்லாம் வாழவேண்டிய பொண்ணு, வாழவேண்டிய பொண்ணு என்று மாற்றி மாற்றிச் சொல்லி மாரில் அடித்துக்கொண்டார்கள். மரகதமும் போயிருந்தாள், மரகதமும் சொன்னாள், சொல்லிவிட்டு, இன்றைக்கு அழுகை நன்றாக வந்தது என்றுகூட மனசின் ஒரு மூலையில் நினைத்தாள். பிரவீணாவுக்கு நாலு ஆகிவிட்டது. நாலு தடவைம்மா என்றாளே. நாலு மணிக்கு வருகிறார்கள். அந்த நாலு வேறே, இந்த நாலு வேறே, இரண்டையும் ஏன் போட்டுக் குழப்புகிறாள். ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டாள், பேப்பர் நழுவிக் கீழே விழுந்தது.

தனசேகர் கெட்ட மனுஷர் இல்லை. சிங்க் சரியா இருக்கு, ஆனா வார்த்தை மாறக் கூடாதும்மா, டைரக்டருக்கு அந்த வார்த்தைதான் வேணும், தியேட்டர்ல அந்த இடத்துல தாய்மாருங்க அழுவாங்க என்று விளக்கினார். அப்புறம் தயங்கித் தயங்கி, உடம்பு முடியலன்னா சொல்லுங்க, இன்னொரு அம்மா வாய்ஸ் பக்கத்துலதான் இருக்காங்க, வரச் சொல்லிடறேன் என்றார். இது மிரட்டுகிறது இல்லை, நிஜமாகவே உடம்புக்கு முடியவில்லை என்று நினைக்கிறார். ஆனால் இவளுக்கு இதுதான் முதல் அம்மா வேஷம். முதல் அம்மாவே ஒரு வார்த்தையில் கவிழ்ந்தது என்று பேராகிவிட்டால் அடுத்த அம்மாவுக்கு யார் கூப்பிடுவார்கள், அதற்கப்புறம் ரயில் எந்த நடைமேடைக்கு வருகிறது என்று சொல்கிற குரலுக்குத்தான் போய் நிற்கவேண்டும். சொல்லிவிட்டால் என்ன? வாயால் சொல்கிறதுதானே, மனசாலா சொல்கிறாள்? அப்படிச் சொல்லிச் சொல்லித்தானே இருபத்திமூன்று வருஷம் போச்சு, வாயால் சொன்னது வாயோடு போயிற்றா, பொம்மை வரைக்கும் வந்ததே. நாலு மணிக்கு இதே வாயைத்தான் வைத்துக்கொண்டு கதவைத் திறக்கவேண்டும். அருள்குமார் அத்தை என்பான், நல்ல பிள்ளை மாதிரி குனிந்து செருப்பை ஓரமாக விடுவான், அவன் அம்மா சிரிப்பாள், உள்ளே அறையில் பிரவீணா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், இவள் வாயிலிருந்து எவள் வந்து பேசுவாள்? சொல்றேன் சார் என்றாள் மரகதம். அது யாருக்கும் கேட்கவில்லை.

குரல் இறங்கிடுச்சும்மா, மறுபடி லெவல் பாத்துக்கறேன், ஏதாச்சும் பேசுங்க என்றான் ஆல்பர்ட். லெவல் பார்க்கிறது என்பது ஒன்றுமில்லை, மைக்கில் எதையாவது பேசிக்கொண்டிருக்கவேண்டும், அவன் அந்தப் பக்கம் பச்சை விளக்கு ஏறி இறங்குவதைப் பார்த்துக் குமிழைத் திருகிக்கொள்வான். ஒருத்தர் ஒன்று இரண்டு மூன்று எண்ணுவார், ஒருத்தர் கந்தன் பேரைச் சொல்வார், மரகதம் இன்னைக்கு வெயில் ஜாஸ்தி, இன்னைக்கு வெயில் ஜாஸ்தி என்பாள், மழை கொட்டினாலும் அதுதான். என்ன பேசுகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. திரையை அணைத்துவிட்டான், உதடு கிடையாது. பேப்பர் கீழே கிடந்தது. இத்தனை வருஷத்தில் உதடும் பேப்பரும் இல்லாமல் இவள் இந்த மைக்கில் பேசுகிற ஒரே இடம் இதுதான், அதையும் வெயிலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு" என்று ஆரம்பித்தாள். நின்றாள். எதிரே வெறும் வெள்ளைச் சுவர்.

"பிரவீணா வரமாட்டா" என்றாள். "இங்கதான் இருப்பா."

இன்னும் கொஞ்சம்மா என்றான் ஆல்பர்ட், விளக்கைப் பார்த்தபடி.

"நாலு தடவை அடிச்சிருக்கீங்க மாப்பிள்ளை. எனக்குத் தெரியும். நான் அனுப்பமாட்டேன்."

ஆல்பர்ட் தலையைத் தூக்கினான். தனசேகரிடமிருந்து பேப்பர் கட்டை வாங்கி இரண்டு பக்கம் புரட்டினான். "இது எந்த ரீல்மா? இதுல இல்லையே" என்றான். இதில் இல்லை என்று இவள் தலையாட்டினாள், பதிவாகிவிட்டதா என்று மட்டும் கேட்டாள். ஆகியிருந்தது, அவன் பழக்கதோஷத்தில் பட்டனை அமுக்கியே வைத்திருந்தான். போடுங்க என்றாள். ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். யாரோ ஒரு பெண்பிள்ளை பேசினாள். கொஞ்சம் கரகரப்பு, மூக்கடைப்பு மாதிரி ஒன்று, "வரமாட்டா"வில் மாட்டா கீழே போய்த் தட்டுகிறது, தழுதழுப்பு இல்லை, பெருமூச்சு இல்லை, அனுப்பமாட்டேன் என்கிற இடத்தில் நடுங்குகிறது, ஆனால் நிற்கவில்லை, சொல்லி முடித்துவிட்டுத்தான் ஓய்கிறது. நல்ல குரல் என்று சொல்வதற்கில்லை, வாய்ஸ் டெஸ்டுக்கு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். எந்தப் படத்திலும் இதைக் கேட்டதாக ஞாபகம் இல்லை, மரகதம் யோசித்து யோசித்துப் பார்த்தாள், இல்லை. இவளுடையதுதானா என்று கேட்டால் அதுவும் சொல்லத் தெரியவில்லை. தனசேகர் நடுவில் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அந்த வரி இன்னும் பாக்கியிருக்கும்மா என்கிற மாதிரி. சுவரில் பன்னிரண்டு ஐம்பது.

"இன்னொரு தடவை போடுங்க ஆல்பர்ட்" என்றாள் மரகதம். "ரெண்டு தடவை கேட்டாப் போதும், பிடிச்சுக்குவேன்."